சகலையின் பதினோரு கஜம்

ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு அன்றைய விலை பதினோரு கஜம். பேரம் கிடையாது, தவணை கிடையாது. மாலை நாலு மணிக்குள் எடுத்து வைத்தால் பெயர் அவருக்கே. இல்லாவிட்டால் ஆலைக்குப் பின்னால் கிடக்கும் பழைய இரும்புக் குவியலில் அதுவும் ஒரு துண்டு.

விலை சொன்னவர் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே. கோல்ஃப் மட்டை செய்யும் ஆலையில் வடிவமைப்பாளர். ஆள் ஒல்லி, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். அதனால் ஆலை முழுக்க அவரைப் பென்சில் என்றுதான் சொல்லும். அவருடைய வரைபட அறையில் உட்கார இடமில்லை. மேஜையெல்லாம் காகிதச் சுருள், நாற்காலியெல்லாம் மட்டைத் தலைகள். அவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் தராசக்கா. இருபத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாய் ஏறி, எடைக்கல்லைக் கவிழ்த்து அடியைப் பார்த்து, வியாபாரிகளின் சாபத்தையெல்லாம் மொத்த விலையில் வாங்கி முடித்த பிறகு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். எதைக் கையில் எடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் எடை பார்க்காமல் கீழே வைக்க மாட்டார்.

இன்னொருவன் அவருடைய உதவியாளன், சில்லறை. பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டர். பயணிகளுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை அவனிடம் ஒருநாளும் இருந்ததில்லை. பேச்சில் மட்டும் தட்டுப்பாடு வந்ததில்லை.

சில்லறைக்கு ஒரு ரகசியம் உண்டு. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தான். அதில் இரண்டு கட்டம்: அக்கா கண்டுபிடித்தது, நான் கண்டுபிடித்தது. இன்று காலை நிலவரம் அறுபத்தொன்றுக்கு நாலு. அந்த நாலிலும் ஒன்று அலுவலகத்திலேயே தொலைந்துபோன குடை. எட்டு வருஷமாக அக்காவோடு சுற்றுகிறான். அவர் கண்ணில் படுவது தன் கண்ணில் ஏன் படுவதில்லை என்ற கேள்வி செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

"டிரைவர்னா என்னன்னு தெரியுமில்ல?" என்றார் பென்சில்.

"எங்க டெப்போவில நானூறு பேர் இருந்தாங்க சார். ஒருத்தரும் சொன்ன இடத்துல நிறுத்த மாட்டாங்க."

பென்சில் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு நீளமான மட்டைகளை எடுத்து வைத்தார். ஆட்டத்தின் முதல் அடிக்கு எடுக்கிற மட்டை இது. பந்தைச் சின்னக் குச்சி ஒன்றின் மேல் ஏற்றி வைத்து, போகிற தூரம் போகட்டும் என்று விரட்டுவதற்கு. ஒன்று ஆலையில் ஒன்பது வருஷமாக விற்கிற பழைய டிரைவர். இன்னொன்று பென்சில் மூன்று வருஷம் கண்விழித்துச் செய்த புதியது.

"ஆலையை ஒட்டின கொட்டகையில ஒரு இயந்திரக் கை இருக்கு மேடம். அது அடிச்சா பழசு இருநூத்தி நாப்பது கஜம் போகுது, புதுசு இருநூத்தி அம்பத்தொண்ணு. பதினொண்ணு கூட. ஆனா மைதானத்துல ஆள் அடிச்சுப் பார்த்த சோதனையில பழசு அதே இருநூத்தி நாப்பது, புதுசு இருநூத்தி இருபத்தொம்பது. பதினொண்ணு குறைச்சல்."

"அடிச்சது யாரு?" என்றார் தராசக்கா.

பென்சிலின் முகம் கோணியது. "என் சகலை. என் வீட்டுக்காரியோட அக்கா புருஷன்."

சில்லறை நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அக்கா, எழுந்திருங்க, போகலாம். சகலைன்னு சொன்ன உடனே கேஸ் முடிஞ்சுது. எனக்கும் ஒருத்தர் இருக்கார். நான் சைக்கிள் வாங்கினப்பவே அவருக்கு ரெண்டு நாள் காய்ச்சல்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் பென்சில். "அந்தப் பழைய டிரைவரை வடிவமைச்சதே அவர்தான். இந்த அறை அவரோட அறை. நான் வந்ததும் முதலாளியம்மா அவரை மைதானத்துக்குச் சோதனையாளரா மாத்தினாங்க. அன்னையிலேருந்து அவருக்கு வயிறு எரியுது. எரிஞ்சா எரியட்டும்னு விட்டேன். எனக்கு மட்டும் எரியலையா? மாமியார் வீட்டுக்குப் போனா மின்விசிறிக்குக் கீழ இருக்கிற நாற்காலி அவருக்கு. பதினாலு வருஷமா நான் ஜன்னலோரம் வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். 'பெரிய மாப்பிள்ளை வார்த்தைன்னா வார்த்தை' அப்படின்னு மாமனார் என்னைப் பார்த்துக்கிட்டே சொல்வார்."

"முதலாளியம்மா என்ன சொல்றாங்க?"

"இயந்திரக் கையைத் திருகி வச்சது நான். அதனால எண்ணைத் திருத்தினதும் நானாத்தான் இருக்கணுமாம். சகலை பொய் சொல்ல மாட்டார்னு ஆலையே சத்தியம் பண்ணுது. நாலு மணிக்குள்ள வேற கணக்கு வரலைன்னா புது மட்டையோட அச்சை உடைக்கக் கையெழுத்துப் போடுறாங்க, என்னையும் அனுப்பிடுறாங்க. வேலை போனா போகுது மேடம். எண்ணைத் திருத்தினவன்னு பேர் வந்தா இந்தத் தொழில்ல ஒரு ஆலையும் என்னை வாசப்படி ஏத்தாது."

தராசக்கா இரண்டு மட்டைகளையும் கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்த்தார். "புதுசோட தலை பெரிசா இருக்கே."

"பந்து படுற முகம் உயரம். அதுதான் என் கண்டுபிடிப்பே." ஒரு கணம் அவர் குரலில் பெருமை வந்து போனது. "நான் ஒரு சலுகையும் கேக்கலை மேடம். உங்க மட்டையை எப்படிச் சோதிச்சீங்களோ அப்படியே இதையும் சோதிங்கன்னு அவர்கிட்ட எழுதியே கொடுத்தேன். அவர் பாதையிலேயே போய் அவரை ஜெயிக்கணும்னு நினைச்சேன். பாதையில பள்ளம் தோண்டிட்டார்."

மணி இரண்டு ஐந்து.

மைதானம் ஆலையின் முதுகுப்பக்கம் பச்சையாய் நீண்டு கிடந்தது. கஜக் கணக்கு எழுதிய வெள்ளைப் பலகைகள் தூரத்தில் போகப் போகப் பல்லளவு சிறுத்தன. இந்தக் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை. சோதனையாளர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு மணிக்குப் போனால் இரண்டரைக்குத் திரும்புவார், ஒரு நிமிஷம் முன்பின் ஆகாது. அதனால் அவருக்கு ஆலையில் கடிகாரம் என்று பெயர் என்று வாசல் காவல்காரர் சொன்னார்.

கொட்டகையும் கடிகாரம் மாதிரியே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஓர் ஆணி, எல்லா ஆணிக்கும் ஓர் எண். துணி போர்த்திய தூரமளக்கும் கருவி. ஒரு டப்பாவில் பந்து ஏற்றி வைக்கும் குச்சிகள், எல்லாம் நீலம், எல்லாம் ஒரே உயரம். மேஜை மேல் சோதனைத் தாள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் சில்லறைக்குப் பழைய தொழில் நினைவு வந்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மட்டையின் முகத்தில் மெல்லிய வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுகிறார்கள். பந்து பட்ட இடத்தில் வட்டமாய் ஒரு தடம் விழுகிறது. அடித்ததும் அதை உரித்துத் தாளில் ஒட்டி, பக்கத்தில் தூரத்தை எழுதுகிறார்கள். ஓர் அடி, ஒரு ஸ்டிக்கர். ஓர் ஆள், ஒரு டிக்கெட். தாளின் தலையில் விதியும் அச்சாகியிருந்தது: ஒரு சோதனைக்கு ஒரு சுருள், ஐம்பது ஸ்டிக்கர். இன்னொரு சுருளைத் தொட்டால் சோதனை செல்லாது. நல்ல அடியை வைத்துக்கொண்டு கெட்ட அடியை எறிந்துவிட யாருக்கும் இடம் கொடுக்காத ஏற்பாடு. விதியை எழுதியவர் கடிகாரம்தான் என்று கீழே இருந்த கையெழுத்து சொன்னது.

பழைய மட்டைக்கு இருபது ஸ்டிக்கர். தடம் எல்லாம் நட்ட நடுவில். புதிய மட்டைக்கும் இருபது. ஆனால் தடம் ஒன்றுகூட நடுவில் இல்லை. எல்லாம் அடியில், ஒரே இடத்தில்.

"முகத்துல அடிக்கச் சொன்னா தாடையில அடிச்சிருக்கார்," என்றான் சில்லறை. "வேணும்னே."

"வேணும்னு செய்யறவன் இருபதையும் ஒரே இடத்துல செய்ய மாட்டான்டா." தராசக்கா தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "அரிசியில கல்லு கலக்கறவனை எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன். மேலாக நாலு படி நல்ல சரக்கு வைப்பான். இந்த மனுஷன் நாலு நல்ல அடிகூட வைக்கலை. ஏமாத்தறவனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது."

பார், மறுபடியும் அக்காவுக்குத்தான் பட்டது என்று சில்லறை மனதுக்குள் புழுங்கினான். புழுக்கத்தில் கை சும்மா இருக்கவில்லை. மேஜை ஓரத்தில் கிடந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்தது, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணத் தொடங்கியது. பத்தொன்பது வருஷப் பழக்கம். டிக்கெட் கட்டைக் கண்டால் விரல் தானாக ஓடும்.

ஏழு.

மறுபடி எண்ணினான். ஏழுதான். சுருளின் அட்டையில் சோதனைத் தேதியும் கடிகாரத்தின் கையெழுத்தும் இருந்தன, அன்றைக்குத்தான் பிரித்தது. ஐம்பதில் நாற்பது போனால் பத்து இருக்க வேண்டும். தாளில் 'வீணானவை' என்ற கட்டத்தில் பூஜ்யம்.

"அக்கா," என்றான், குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு, "மூணு டிக்கெட் இடிக்குது."

தராசக்கா திரும்பினார். அவன் சொன்னதைக் கேட்டார். சுருளை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தார், மூன்று காகிதத்தின் எடை குறைவது அவருக்குத் தெரிகிற மாதிரி. "நான் இதைப் பார்க்கலையேடா," என்றார்.

சில்லறை சுவர்ப் பக்கம் திரும்பி நின்று நோட்டை எடுத்து நாலை அடித்து ஐந்து என்று எழுதினான். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

அவன் திரும்பியபோது அக்கா அங்கே இல்லை. வெளியே, அடிக்கிற இடத்தில் போட்டிருந்த பச்சை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது விரலிடுக்கில் ஓர் உடைந்த மரக்குச்சி. வெள்ளை. பாதியாக உடைந்தும் நீலக் குச்சியின் உயரத்துக்கு இருந்தது.

"டப்பாவில இந்த ஜாதியே இல்லையே," என்றான் சில்லறை.

"அதான்," என்று குச்சியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

இரண்டரை மணிக்கு, காவல்காரர் சொன்னது பொய்யாகாமல், கடிகாரம் வந்தார். ஐம்பத்தைந்து வயது, குட்டையான உடம்பு, மடிப்புக் கலையாத காற்சட்டை, மூக்கில் தடித்த கண்ணாடி. வந்தவர்களைப் பார்த்தார், யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை.

"எங்க சகலை உங்களைக் கூப்பிட்டிருப்பான்," என்றார். "நான் திருடன்னு சொல்லியிருப்பான்."

"திருடன்னு சொல்லலை. மின்விசிறி நாற்காலிக்காரர்னு சொன்னார்," என்றான் சில்லறை.

கடிகாரத்தின் உதடு லேசாக அசைந்தது. "அது இன்னும் ஆறலையா அவனுக்கு. அந்த நாற்காலியில ஒரு கால் ஆடும், தெரியுமா? பதினாறு வருஷமா ஆடாம உக்காந்திருக்கேன்."

"ஸ்டிக்கர் எல்லாம் வேண்டாம், சும்மா ரெண்டு அடி அடிச்சுக் காட்டுங்க," என்றார் தராசக்கா. "பழைய மட்டையில."

நீலக் குச்சியை ஊன்றினார். பந்தை வைத்தார். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கண்ணாடிக் கூட்டை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். இடது காலைப் பதித்தார், மட்டையை இரண்டு முறை அசைத்தார், மூச்சை விட்டார், வீசினார். பந்து வானத்தில் கோடு கிழித்துக்கொண்டு போனது. கருவி இருநூற்று நாற்பது என்றது. இரண்டாவது அடி: குச்சி, பந்து, பை, கால், இரண்டு அசைவு, மூச்சு. இருநூற்று நாற்பது. சில்லறைக்கு வாழ்க்கையில் எதையும் இரண்டு தடவை ஒரே மாதிரி செய்த ஞாபகம் இல்லை. அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்கக் கண் எரிந்தது.

"அருமை," என்றார் தராசக்கா. பிறகு கைக்குட்டையைப் பிரித்தார். "இதோட முழுசு இருக்கா உங்ககிட்ட?"

கடிகாரம் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பென்சில் வந்து சேர்ந்தார். அறையில் இருப்புக்கொள்ளாமல், மைதானத்தைப் பாதி ஓடிப் பாதி நடந்து வந்திருந்தார். கையில் புதிய டிரைவர்.

"சரியான நேரம்," என்று அக்கா அதை வாங்கினார். நீலக் குச்சி மேல் பந்தை வைத்து, பழைய மட்டையின் தலையைப் பந்தின் பின்னால் நிறுத்தினார். பந்து முகத்தின் நடுவில் சொல்லி வைத்தாற்போல் பொருந்தியது. அதை எடுத்துவிட்டுப் புதிய மட்டையை நிறுத்தினார். முகத்தின் நடு மேலே நின்றது; பந்து அதன் தாடைக்கு நேரே இருந்தது.

"முகம் உயரம்னு நீங்கதானே சொன்னீங்க. முகம் உயர்ந்தா குச்சியும் உயரணும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல சட்டை தைச்சு, உயரமானவனுக்குப் பத்தலைன்னதும் அவன் உடம்புல கோளாறுன்னு எழுதி வச்சிருக்கு இந்தத் தாள். இயந்திரக் கைக்குக் குச்சி வச்சது யாரு?"

"நான்தான். நடுவுக்கு நேரா..." பென்சிலுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. "அப்ப வேணும்னே தாழ்வா வச்சிருக்கார். பார்த்தீங்களா மேடம்? இவர்தான் பெரிய மாப்பிள்ளை. இவர் வார்த்தைதான் வார்த்தை."

கடிகாரம் கொட்டகைக்குள் போய் மூன்றாம் எண் ஆணியில் தொங்கிய கோப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்து நீட்டினார். "சத்தமா படி, சகலை. எனக்குக் கண்ணு மங்கல்."

பென்சில் படித்தார். முதல் வரி சத்தமாக வந்தது, இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. "எதையும் மாற்றக் கூடாது. உங்கள் மட்டைக்கு என்ன பந்தோ அதே பந்து, என்ன குச்சியோ அதே குச்சி. ஒரு நூல்கூடச் சலுகை வேண்டாம். பிறகு யாரும் நான் தயவில் ஜெயித்தேன் என்று சொல்லக் கூடாது."

"எழுதினது யாரு?"

காதுக்குப் பின்னால் இருந்த பென்சில் நழுவிப் புல்லில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. சில்லறை எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறான். தன் கையெழுத்தில் தானே மாட்டிக்கொண்டு, அதற்குத் துப்பறியக் காசும் கொடுத்த ஆளை இன்றுதான் பார்த்தான்.

"அவர் கேட்டார், நீங்க கொடுத்தீங்க," என்றார் தராசக்கா. "ஆனா தெரிஞ்சே கொடுத்தீங்க."

"முதல் அடியிலேயே தெரிஞ்சுது," என்றார் கடிகாரம். "பார்க்கக்கூட வேண்டாம், கையில தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. இருபது அடியும் அடிச்சேன், ஒவ்வொண்ணுக்கும் 'நீ கேட்டதுதானே, நீ கேட்டதுதானே'ன்னு சொல்லிக்கிட்டே அடிச்சேன். அந்த அறையில பத்து வருஷம் உக்காந்திருந்தவன் நான். ஒருநாள் சாப்பிட்டு வந்தா என் மேஜை மேல இவன் காகிதம்."

"சரி. மிச்ச மூணு எங்க?"

"எந்த மூணு?"

"ஐம்பது ஸ்டிக்கர்ல மூணு குறையுது," என்றான் சில்லறை, தன் சரக்கை வேறு யாரும் விற்றுவிடக் கூடாது என்கிற அவசரத்தில். "நீளக் குச்சி வச்சு, தாள்ல எழுதாம அடிச்சிருக்கீங்க. பார்த்துட்டுக் கிழிச்சு எறிஞ்சிருப்பீங்க. இனிமே எப்படி நிரூபிக்கிறது?"

"எறிஞ்சிருக்க மாட்டார்," என்றார் தராசக்கா. "சார், கண்ணாடி மூக்குல இருக்கு. அப்ப பையில இருக்கிற கண்ணாடிக் கூடு காலி. காலிக் கூட்டை எதுக்கு ஒவ்வொரு அடிக்கும் முன்னால தொட்டுப் பார்த்துக்கிறீங்க?"

சில்லறைக்கு நெஞ்சில் யாரோ கிள்ளிய மாதிரி இருந்தது. அந்தக் கையை அவனும் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். ஆட்டத்தில் அதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

கடிகாரம் பைக்குள் கையை விட்டுக் கூட்டை எடுத்தார். திறந்தார். உள்ளே மூன்று வெள்ளை ஸ்டிக்கர். தடம் மூன்றும் நட்ட நடுவில். பின்பக்கம் சின்ன எழுத்தில் தூரம்: 249, 251, 253.

"எல்லாரும் போனப்புறம் ஒரே ஒரு அடின்னுதான் வச்சேன். உண்மை என்னன்னு எனக்காவது தெரியணுமில்ல. முப்பத்தொரு வருஷமா அடிக்கிறேன்மா. நான் செஞ்ச மட்டையில நான் போனது அதிகபட்சம் இருநூத்தி நாப்பத்தெட்டு. அம்பதை ஒருநாள் தாண்டிடணும்னு... இந்த வயசுல யார்கிட்ட சொல்றது. முதல் அடியே நாப்பத்தொம்பது. விட முடியலை. மூணாவதுல குச்சி உடைஞ்சுது, இல்லைன்னா இன்னும் அடிச்சிருப்பேன்." அவர் ஸ்டிக்கர்களை நீட்டவில்லை, உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். "தாள்ல ஒட்டினா இவன் ஜெயிச்சிடுவான். எறிஞ்சா என் அம்பத்து மூணு போயிடும். கூட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன்."

பென்சில் மூன்றாவதை எடுத்துப் பார்த்தார். ஜெயித்தவனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சில்லறை தயாராக இருந்தான். வந்தது வேறு முகம்.

"இருநூத்தி அம்பத்து மூணு," என்றார் பென்சில். "எந்தப் பலகை கிட்ட விழுந்துது?"

"அதோ, ரெண்டாவது மரத்துக்கு நேரா."

"மூணு வருஷம் செஞ்சேன் சகலை. நான் அடிச்சா நூத்தி எழுபது தாண்டாது. அதுவும் பக்கத்து வேலியைப் பார்த்துப் போகும். நீங்க பாட்டுக்கு மாலை காத்து வாங்க வந்து அம்பத்து மூணு அடிச்சிருக்கீங்க." குரலில் நன்றி இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சத்தைப் பார்க்கிறவனின் குரல்.

செய்யத் தெரிந்தவனுக்கு அடிக்கிறவன் மேல். அடிக்கத் தெரிந்தவனுக்குச் செய்கிறவன் மேல். இரண்டு அக்கா தங்கைகளைக் கட்டியதோடு நிற்காமல் ஒரே எரிச்சலையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சில்லறை நினைத்தான். நினைத்த கையோடு தன் பையிலிருந்த நோட்டும் நினைவுக்கு வந்தது, அதற்குமேல் சிரிக்கவில்லை.

"மணி மூணு பத்து," என்றார் தராசக்கா. "ரெண்டு பேரும் பொருமினது போதும். மூணு அடியை முதலாளியம்மா ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க. குறைஞ்சது பத்து வேணும்," என்றார் கடிகாரம். "புதுச் சுருள் பிரிக்கவும் முடியாது. விதி."

"யார் எழுதின விதி?"

"நான்தான்."

"இருக்கிறது ஏழு," என்றான் சில்லறை. "ஏழும் மூணும் பத்து."

பென்சில் இயந்திரக் கை இருக்கும் கொட்டகைக்கு ஓடி நீளக் குச்சி ஒரு பிடி கொண்டுவந்தார். அவரே மண்டியிட்டுக் குச்சியை ஊன்றினார், உயரத்தை விரலால் அளந்தார். கடிகாரம் சட்டைப் பையைத் தொடவில்லை. தொட அங்கே ஒன்றும் இல்லை. கால், இரண்டு அசைவு, மூச்சு. ஒரு ஸ்டிக்கர்கூட வீணாக்க முடியாத ஏழு அடி. 250. 252. 249. ஒவ்வோர் அடிக்கும் பென்சில் ஸ்டிக்கரை உரித்து நகம் படாமல் தாளில் ஒட்டினார். 251. அடுத்தது 254, கடிகாரம் கருவியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், பென்சில் வேண்டுமென்றே பார்க்காமல் குச்சியை ஊன்றினார். 250. கடைசி 251.

பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தது சில்லறை. இருநூற்று ஐம்பத்தொன்று. இயந்திரக் கை சொன்ன அதே எண்.

மிச்சம் இருந்தது ஒரு கட்டம். தாளில் பதியாமல் அடித்த அடி ஏதாவது இருந்தால் எத்தனை, என்ன காரணம் என்று எழுத வேண்டிய கட்டம். வழக்கமாக அதில் 'காற்று' என்று எழுதுவார்கள், மழைக்காலத்தில் 'மழை'. கடிகாரம் பேனாவைத் திறந்து 'மூன்று' என்று எழுதினார். காரணத்துக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றது. கொட்டகைத் தகரத்தில் ஒரு காக்கை நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு எழுதினார்: பொறாமை.

பென்சில் தன் சீட்டைத் தாளோடு சேர்த்துக் குத்தினார். பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தின் ஓரத்தில் 'குச்சி உயரம் தவறு, காரணம்' என்று தொடங்கி ஒரே ஒரு சொல்லில் முடித்தார்: அதே.

நாலு மணிக்கு முதலாளியம்மா எண்களை ஒரு நிமிஷம் பார்த்தார், அந்தக் கட்டத்தை மூன்று நிமிஷம் பார்த்தார். "ஒம்பது வருஷமா இந்தக் கட்டத்துல காத்தும் மழையும்தான் படிக்கிறேன்," என்றார். "இன்னைக்குத்தான் நம்பற மாதிரி ஒண்ணு வந்திருக்கு." அச்சு உடைக்கும் உத்தரவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தயாரிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். சகலைகள் இருவரும் ஒரே கதவால் வெளியே வந்தார்கள். யார் முதலில் போவது என்று வாசலில் ஒரு சின்னத் தடுமாற்றம். கடிகாரம் நின்றார், பென்சில் போனார்.

பஸ் நிறுத்தத்தில் சில்லறை அக்காவைப் பார்த்து, "இன்னைக்கு ஒண்ணு என்னோடது," என்றான்.

"உன்னோடதுதான். யார் இல்லைன்னா?" தராசக்கா சாலையைப் பார்த்தபடி சொன்னார். "அந்தச் சுருள் அலமாரி மேல் தட்டுல இருந்துது. உன் கைக்கு எட்டற மாதிரி நான் மேஜை ஓரத்துல எடுத்து வச்சது நல்லதாப் போச்சு."

பஸ் வந்தது. சில்லறை ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தான்.

பழைய மட்டைக்கு இருபது. புதியதற்குத் தாழ்ந்த குச்சியில் இருபது. கண்ணாடிக் கூட்டில் மூன்று. கடைசியில் ஏழு. ஐம்பதும் நேர். அதன் கீழே, கேஸ் அக்காவுக்கு, சுருளில் ஆளுக்குப் பாதி என்று கணக்குப் போட்டு, பெரிதாக எழுதியிருந்த ஐந்தை அடித்துத் திருத்தினான்: அக்கா அறுபத்திரண்டரை, நான் நாலரை.